புரண்டு படுக்கவே முடியவில்லையா? கர்ப்பகால இடுப்பு மூட்டு வலிக்கு பிசியோதெரபி: முழுமையான வழிகாட்டி

கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிற வலி இது. ஆனாலும் வாய் திறந்து சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில், “வயித்துல புள்ளைய சுமந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும்.” செக்கப்புக்குப் போன இடத்திலும் பல நேரம் கால்சியம் மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடும். கால்சியம் உடம்புக்குத் தேவைதான், ஆனால் இந்த வலி அதற்கு மசியாது.

எந்த வலி என்று அடையாளம் சொன்னால் சட்டென்று புரியும். படுக்கையில் புரளும்போது சுரீர். நின்றபடி லெக்கின்ஸ் போட ஒற்றைக் காலைத் தூக்கினால் சுரீர். மாடிப்படி, டவுன் பஸ்ஸின் முதல் படி, ஆட்டோவிலிருந்து ஒரு காலை வெளியே வைக்கிற நொடி, எல்லாமே வலி. உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடி நொண்டத்தான் வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பலர் முதுகுத்தண்டைக் காட்டுவதில்லை. பிட்டத்துக்குச் சற்று மேலே குழி விழும் இடத்தில், ஒரு பக்கமாகக் கட்டைவிரலை வைப்பார்கள். சிலர் கொஞ்சம் கூச்சத்தோடு அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் முன்பக்க எலும்பைக் காட்டுவார்கள்.

இதற்குப் படுத்தே கிடப்பது மருந்தல்ல. சுமை மூட்டுக்கு வந்து சேரும் விதத்தை மாற்றுவதும், சுற்றியுள்ள தசைகளை வேலைக்குக் கொண்டுவருவதும்தான் சிகிச்சை.

உள்ளே என்ன நடக்கிறது

இடுப்பு என்பது ஒரு எலும்பு வளையம். பின்னால் முக்கோண வடிவில் திரிக எலும்பு, அதன் இரு பக்கமும் இரண்டு பெரிய இடுப்பெலும்புகள். இவை சேரும் இடங்கள் மூன்று. பின்புறம் இரண்டு சேக்ரோஇலியாக் மூட்டுகள் (எஸ்.ஐ. ஜாயின்ட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்), முன்புறம் நடுவில் பியூபிக் சிம்பசிஸ் என்ற குருத்தெலும்பு இணைப்பு. மேலுடம்பின் பாரம் மொத்தமும் இந்த வளையத்தின் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது.

திரிக எலும்பு இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. அந்த வடிவமே பாதிப் பிடிமானத்தைக் கொடுத்துவிடும். மீதியைத் தசைகளும் தசைநார்களும் கொடுக்கின்றன: வயிற்றைச் சுற்றி உள்ளே ஓடும் குறுக்குத் தசை, முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், பிட்டத்தின் பெரிய தசை. கர்ப்பத்தில் தசைநார்கள் கொஞ்சம் தளரும், வயிறு முன்னால் தள்ளுவதால் பாரத்தின் மையமும் மாறும். அப்போது தசைகள் சரியான நேரத்தில் சரியான அளவு இறுக்கிப் பிடிக்காவிட்டால் மூட்டைச் சுற்றியுள்ள நார்கள் எரிச்சலடைந்து வலிக்கத் தொடங்கும். தசைநார்களைத் தளர்த்தும் ரிலாக்சின் ஹார்மோன் மேல் மொத்தப் பழியையும் போடுவது வழக்கம். ஆனால் ரத்தத்தில் ரிலாக்சின் அதிகம் இருப்பவர்களுக்குத்தான் வலி அதிகம் என்று ஆய்வுகள் ஒரேமுகமாகக் காட்டவில்லை.

இங்கே ஒரு பயத்தைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். “இடுப்பெலும்பு விலகிடுச்சு, தட்டி உட்கார வைக்கணும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டுரெசன் குழு, எலும்புக்குள் சிறு உலோக மணிகளைப் பதித்து எக்ஸ்ரே வழியாக எஸ்.ஐ. மூட்டின் அசைவை அளந்து 1989-இல் வெளியிட்டது. வலி உள்ளவர்களிடம் பார்த்தபோதும் சராசரிச் சுழற்சி 2.5 டிகிரி, நகர்வு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. கையால் தடவிப் பார்த்து ‘விலகல்’ கண்டுபிடிக்கும் அளவு அங்கே இல்லை. முன்பக்க இணைப்பு மட்டும் கர்ப்பத்தில் உண்மையிலேயே விரியும்: சாதாரணமாக 4–5 மி.மீ. இடைவெளி, கர்ப்பத்தில் 2–3 மி.மீ. கூடும். 10 மி.மீ.க்கு மேல் போனால்தான் அதைப் பிளவு என்று சொல்லித் தனியாகக் கவனிப்பார்கள். அதுவும் அபூர்வம்.

முதல் படி: இது அந்த வலிதானா?

பயிற்சியைத் தொடங்கும் முன் ஆபத்தான காரணங்களை ஒதுக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பிசியோவைத் தேடாமல் நேராக டாக்டரிடம் போங்கள்:

- ரத்தப்போக்கு, நீர் உடைதல், விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வயிற்று இறுக்கம்
- காய்ச்சலுடன் வலி, அல்லது சிறுநீர் எரிச்சல்
- ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது (ரத்தக்கட்டாக இருக்கலாம்)
- மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, கால் பலவீனம்
- விழுந்த பிறகு, அல்லது திடீரென்று, காலை ஊன்றவே முடியாமல் போவது
- காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், விடியற்காலை வலியில் விழிப்பு, நடமாடினால் குறைவது. இது கர்ப்பத்துக்கு முன்பே இருந்திருந்தால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் போன்ற மூட்டழற்சியா என்று பார்க்க வேண்டும்

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எஸ்.ஐ. மூட்டில் காசநோய் வரும். எடை குறைவு, மாலைக் காய்ச்சல், ஓய்விலும் தணியாத ஒருபக்க வலி என்றால் டாக்டரிடம் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம்போல் ஓடினால், இருமினால் கூடினால், பிரச்சினை முதுகுத்தண்டு டிஸ்க்கில் இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்பு வளைய வலி பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்தோடு நின்றுவிடும்.

இரண்டாம் படி: பிசியோ என்ன சோதிப்பார்?

எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் பொதுவாகத் தேவையில்லை. கைச்சோதனைகள் போதும். இவற்றில் ஒன்றைத் தெரிந்துவைத்தால் உங்கள் முன்னேற்றத்தை நீங்களே அளக்கலாம்.

மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, பாதங்களுக்கிடையே 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். முழங்காலை மடக்காமல் ஒரு காலை மட்டும் படுக்கையிலிருந்து 20 செ.மீ. தூக்குங்கள். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? கஷ்டமே இல்லை என்றால் 0, தூக்கவே முடியவில்லை என்றால் 5. மற்றக் காலுக்கும் அப்படியே. பலருக்கு ஒரு கால் பறவை இறகுபோல் எழும், இன்னொரு கால் கட்டிலோடு ஒட்டிக்கொண்ட மாதிரி கிடக்கும். இப்போது பிசியோ உங்கள் இடுப்பெலும்புகளை இரு பக்கமும் கைகளால் உள்நோக்கி அழுத்திக்கொண்டு, “மறுபடி தூக்குங்க” என்பார். அந்தக் கால் சட்டென்று லேசாகிவிட்டால் இரண்டு செய்திகள் கிடைத்துவிட்டன. ஒன்று, குறைவது இறுக்கிப் பிடிக்கும் விசைதான். இரண்டு, பெல்ட்டும் தசைப்பயிற்சியும் உங்களுக்கு உதவ வாய்ப்பு அதிகம். அழுத்தும்போது வலி கூடினால் அதுவும் முக்கியத் தகவல். அவர்களுக்கு மேலும் இறுக்குவது கெடுதல்.

இடுப்பை 90 டிகிரி மடக்கித் தொடை வழியே பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது, முன்பக்க இணைப்பை விரலால் அழுத்திப் பார்ப்பது போன்ற மற்றச் சோதனைகளும் உண்டு. ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டமாட்டார்கள்.

மூன்றாம் படி: வீட்டில் மாற்ற வேண்டியவை

முதல் வாரத்தில் எந்தப் பயிற்சியையும்விட இதுதான் அதிகம் பலன் தரும். விதி ஒன்றே: இரண்டு கால்களும் ஒன்றாக நகர வேண்டும், பாரம் இரு பக்கமும் சமமாக இறங்க வேண்டும்.

*புரளும்போது:* இரு முழங்கால்களையும் மடக்குங்கள். நடுவில் தலையணையை வைத்து மெல்ல அழுத்துங்கள். மூச்சை வெளியே விட்டபடி தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகத் திரும்பட்டும். மெத்தையில் இடுப்பு படும் இடத்தில் வழுவழுப்பான பாலியஸ்டர் புடவை ஒன்றை விரித்துவிட்டால் இழுவை குறைந்து புரள்வது சுலபமாகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ராத்திரி பலமுறை பாத்ரூம் போய்வருபவருக்கு இது பெரிய வரம்.

*தரையும் பாயும்:* தரையிலிருந்து எழுவது இந்த மூட்டுக்கு மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. கொஞ்ச காலத்துக்குக் கட்டிலுக்கு மாறுங்கள். சம்மணமும், ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி உட்காருவதும் வேண்டாம். வளைகாப்பன்று மணையில் மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். நாற்காலி போடச் சொல்லி முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள், சடங்குக்கு ஒரு குறையும் வராது.

*கழிப்பறை:* முன்பக்க எலும்பு வலி உள்ளவர்கள் குத்துக்காலிட்டு உட்காருவதைத் தவிர்த்து வெஸ்டர்ன் டாய்லெட்டோ, நடுவில் துளையுள்ள கமோட் ஸ்டூலோ பயன்படுத்தலாம்.

*படிக்கட்டு:* ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்தது. தண்ணீர் குடம், கேஸ் சிலிண்டர், மூத்த குழந்தை எதையும் ஒரு பக்க இடுப்பில் ஏற்றாதீர்கள்.

*வண்டி:* டூவீலரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். கால் போட்டு உட்கார்ந்தால் முன்பக்க எலும்பு விரியும். இரண்டுமே தோதில்லை. காரில் முதலில் பின்புறத்தை இருக்கையில் வைத்து, முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு உள்ளே திரும்புங்கள். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்தால் திரும்புவது எளிது.

நடையை நிறுத்த வேண்டாம். 40 நிமிடம் ஒரே மூச்சில் நடப்பதை நான்கு முறை பத்துப்பத்து நிமிடமாகப் பிரியுங்கள், அடியைச் சிறியதாக வையுங்கள். முழு நாள் படுக்கையில் கிடந்தால் தசை வலுவிழக்கும், கர்ப்பத்தில் ரத்தக்கட்டு அபாயமும் கூடும். வலி கடுமையாக இருப்பவர்களுக்குச் சில வாரம் வாக்கரோ ஊன்றுகோலோ பிசியோ பரிந்துரைப்பார். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று அதை ஒதுக்குபவர்கள்தான் பெரும்பாலும் படுக்கையில் போய் முடிகிறார்கள்.

பின்பக்க வலிக்கு வெந்நீர்ப் பை, முன்பக்க எலும்புக்குத் துணியில் சுற்றிய ஐஸ், இரண்டுமே பத்து நிமிடம் போதும். வயிற்றின் மேல் சூடு வைக்காதீர்கள். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகைகளை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவை குழந்தையின் சிறுநீரகத்தையும் இதய ரத்தக்குழாயையும் பாதிக்கலாம்.

பெல்ட் போடலாமா?

போடலாம், இடம் சரியாக இருந்தால். கடையில் ‘மெட்டர்னிட்டி பெல்ட்’ என்று வயிற்றைத் தாங்கும் அகலமான பட்டையைத் தருவார்கள். அது வேறு பொருள். நமக்கு வேண்டியது இழுத்தால் அதிகம் நீளாத, குறுகிய எஸ்.ஐ. பெல்ட். இடுப்பின் முன்பக்கம் இரு ஓரத்திலும் துருத்தும் எலும்பு முனைகளுக்குச் சற்றுக் கீழே அது உட்கார வேண்டும். முன்பக்க வலி மட்டும் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் இன்னும் கீழே, தொடை மூட்டுகளின் பக்கவாட்டு எலும்பு மட்டத்தில் சுகமாக இருக்கும். இறுக்கம் மிதமாக இருந்தால் போதும், மூச்சு முட்ட இறுக்குவதால் கூடுதல் பலனில்லை. நிற்கும்போதும் நடக்கும்போதும் போட்டு, உட்கார்ந்தால் படுத்தால் கழற்றிவிடுங்கள். போட்டதும் கால் தூக்கும் சோதனை லேசாகவில்லை என்றால் அந்தப் பெல்ட்டுக்குச் செலவழிக்காதீர்கள்.

நான்காம் படி: பயிற்சிகள்

வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். பயிற்சியின்போது 3 வரை போகலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்க வேண்டாம். தலைசுற்றினால் உடனே இடப்பக்கம் திரும்புங்கள்.

*தொடக்கம்.* ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி நடுவில் தலையணை. மூச்சை வெளியே விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத்தை மேலே இழுத்து, கூடவே தொப்புளுக்குக் கீழுள்ள வயிற்றை மெல்ல உள்ளே இழுங்கள். 5 நொடி, மூச்சை அடக்காமல். பிறகு முழுதாகத் தளர்த்துங்கள். 10 முறை. முழு பலத்தில் இழுக்கத் தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு போதும். அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே சுருட்டிய துண்டை 5 நொடி அழுத்துங்கள். பிறகு துப்பட்டாவை முழங்கால்களைச் சுற்றிக் கட்டி, கால் நகராமல் வெளிப்பக்கம் தள்ளுங்கள். இரண்டும் பத்துப்பத்து முறை.

ஒரு எச்சரிக்கை. தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் போகத் தொடங்கவே சிரமம் என்றிருப்பவர்களின் இடுப்புத்தளம் ஏற்கெனவே விறைத்துப்போயிருக்கலாம். அவர்களுக்கு இடுப்புத்தளத்தை இழுத்துப் பிடிக்கும் இந்தக் கெகல் பயிற்சியைக் கூட்டக் கூட்ட வலிதான் கூடும். முதலில் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும். இதில் பயிற்சி பெற்ற பெண் பிசியோவைத் தேடுங்கள்.

*அடுத்த கட்டம்.* முழங்கால்களுக்கிடையே துண்டு வைத்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, 8 முதல் 10 முறை. சுவரில் சாய்ந்து கால்பங்கு அளவு மட்டும் தாழ்ந்து எழுவது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நான்கு காலில் நிற்கும் நிலையில் ஒரு கையை மட்டும் நீட்டுவது. அது பழகியதும், பாதம் தரையை விட்டு எழாமல் ஒரு காலைப் பின்னால் வழுக்கி நீட்டுவது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டைக் கட்டித் துடுப்புப் போடுவதுபோல் இழுப்பது. இடுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். அக்குளிலிருந்து இறங்கும் அகன்ற முதுகுத்தசையும் எதிர்ப்பக்கப் பிட்டத் தசையும் முதுகின் கீழே ஒரே சவ்வில் சேர்ந்து, எஸ்.ஐ. மூட்டின் குறுக்கே இழுத்துப் பிடிக்கின்றன.

*செய்யக்கூடாதவை.* “சுகப்பிரசவத்துக்கு நல்லது” என்று சொல்லிக்கொடுக்கப்படும் வாத்து நடை, பட்டாம்பூச்சி ஆசனம், ஆழமாகக் குத்துக்காலிட்டு உட்காருவது எல்லாம் இந்த வலி இல்லாதவர்களுக்குச் சரி. முன்பக்க எலும்பு வலிக்கிறவரைத் தொடையை விரித்து வாத்து நடை போடச் சொல்வது புண்ணில் கிள்ளுகிற வேலை. குனிந்து வீடு முழுக்கப் பெருக்குவதும் அப்படியே. வகுப்பில் எல்லோரும் செய்கிறார்களே என்று சேர்ந்துகொள்ளாதீர்கள்; வலியைச் சொல்லி மாற்றுப் பயிற்சி கேளுங்கள்.

பிரசவத்துக்கு முன்

இந்த வலி மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. நார்வேயில் பெருந்திரளான தாய்மார்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், திட்டமிட்ட சிசேரியன் செய்துகொண்டவர்களுக்குத்தான் ஆறு மாதம் கழித்தும் கடும் வலி நீடிப்பது அதிகமாக இருந்தது. ஆகவே வலிக்குப் பயந்து கத்தியைக் கேட்க வேண்டியதில்லை.

பிரசவ மாதத்தில் ஒரு அளவெடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து படுத்து, வலி தொடங்கும் வரை முழங்கால்களை விரித்து, இடைவெளியை டேப்பால் அளந்து கர்ப்பிணி அட்டையின் மேலேயே எழுதிவைத்து நர்ஸிடம் சொல்லுங்கள். முடிந்தவரை அதைத் தாண்டிக் காலை விரிக்க வேண்டாம் என்று கேளுங்கள். குறிப்பாக முதுகில் ஊசி போட்டு வலி மரத்திருக்கும்போது உங்களுக்கே தெரியாமல் கால் அளவுக்கு மீறி விரிந்துவிடும். ஒருக்களித்த நிலை, நான்கு காலில் நிற்கும் நிலை இரண்டும் இடுப்புக்கு இதமானவை. தையல் போட ஸ்டிரப்பில் (பிரசவ மேசையின் கால் தாங்கியில்) கால் வைக்கும்போது இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பின்

பெரும்பாலோருக்கு மூன்று நான்கு மாதத்துக்குள் வலி அடங்கிவிடும். அடங்காதவர்கள் பலர் “முதுகில் போட்ட ஊசியால்தான்” என்று அந்த ஊசியை வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருப்பார்கள். கர்ப்பத்திலேயே தொடங்கிய இடுப்பு வலி கவனிக்கப்படாமல் நீடிப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

பழைய வேட்டியால் வயிறு கட்டும் வழக்கம் பற்றிக் கேட்பார்கள். மேல்வயிற்றில் இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கி இடுப்புத்தளத்தின் மேல் இறங்கும். இந்த மூட்டுகளுக்கு அதனால் பிடிமானம் கிடைக்காது. கட்டத்தான் வேண்டும் என்றால் மிதமாக, இடுப்பெலும்பு மட்டத்தில். எண்ணெய் தேய்த்து மெல்ல நீவி விடுவதால் தசை இளகும், அது நல்லதே. காலைப் பிடித்து வெட்டி இழுத்துச் சுளுக்கெடுக்க மட்டும் விடாதீர்கள்.

பால் கொடுக்கும்போது முதுகுக்கு அணை, கைக்குத் தலையணை, இரண்டு பாதமும் தரையில். குழந்தையை ஒரு பக்க இடுப்பில் வைக்காமல் மார்போடு அணைத்துத் தூக்குங்கள்.

பயிற்சியின் அடுத்த கட்டம் இப்போதுதான். சுகப்பிரசவம் என்றால் சில நாட்களில் மூச்சுப் பயிற்சியோடு தொடங்கலாம். சிசேரியன் என்றால் டாக்டர் சொன்ன பிறகு. முழங்கால் மடக்கிப் படுத்து இடுப்பை உயர்த்துவது, பிறகு அதையே ஒற்றைக் காலில். முழங்கால் ஊன்றிய பக்கவாட்டுப் பலகை நிலை (சைடு பிளாங்க்). தாழ்வான படியில் ஏறி இறங்குவது. 5 லிட்டர் தண்ணீர் கேனை, முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கித் தூக்கி வைப்பது. நார்வேயின் ஸ்டுகே குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் வலி நீடித்த பெண்களுக்கு இப்படி ஆளுக்கேற்ற பயிற்சிகளை வாரம் மூன்று நாள், 30 முதல் 60 நிமிடம், ஏறக்குறைய 20 வாரம் கொடுத்தார்கள். வெறும் மற்றச் சிகிச்சைகள் பெற்றவர்களைவிட இவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது, இரண்டு ஆண்டு கழித்தும் பலன் நின்றது. அந்த 20 வாரத்தைக் கவனியுங்கள். பத்து நாள் கரண்டு வைத்துவிட்டு “பிசியோ பார்த்தேன், கேட்கல” என்று விடுகிறவர்கள்தான் அதிகம். ஐ.எஃப்.டி. (கரண்டு வைக்கும் சிகிச்சை), அல்ட்ராசவுண்ட் மெஷின்களை மட்டும் நம்பி நடக்கும் கிளினிக்கில் பணத்தைக் கொட்டாதீர்கள். கர்ப்பத்தில் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையை இடுப்பின் மேல் வைக்கவே கூடாது.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் கால் தூக்கும் சோதனையின் மார்க் இறங்கவில்லை என்றால் பயிற்சியை மாற்ற வேண்டும், அல்லது காரணத்தை மறுபடி தேட வேண்டும். அப்போது எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனைக்கு இடமுண்டு. மூட்டுக்குள் ஊசி, கடைசியாக அறுவை சிகிச்சை என்பதெல்லாம் மிகச் சிலருக்கே.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால், சென்ற முறை வந்த வலி மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்பதை மனதில் வைத்து, கருத்தரிக்கும் முன்பே நான்காம் படியில் சொன்ன ‘அடுத்த கட்டம்’ பயிற்சிகளைத் தொடங்குங்கள். முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லி அட்டையில் எழுத வையுங்கள்.